கையில் கொடுக்கத் தெரியாதவர்

அவரிடம் நான் முதன்முதலாகக் கேட்டது மோட்டார் ரூம் சாவியை.

திண்டிவனத்தில், மயிலம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு இரண்டு வீடுகள் இருந்தன. அதில் ஒன்றுக்கு நாங்கள் குடிவந்த நாள். வாசலில் சாமான் வண்டி நிற்கிறது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பழைய ஊரையும் சிநேகிதர்களையும் விட்டு வந்த துக்கத்தில் என் மகன் சரண் ஒரு பக்கமும் மகள் மீனு இன்னொரு பக்கமும் அழுதுகொண்டிருக்கிறார்கள். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும் என்று வீட்டு ஓனரம்மா போனில் சொல்லியிருந்தார். போய்க் கதவைத் தட்டினேன். லுங்கி பனியனோடு ஓர் ஆள் வந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது.

"சாவிதானேம்மா? தோ, ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனார். ஒரு நிமிஷம் ஐந்து நிமிஷமானது. திரும்பி வந்து என் கையில் கொடுத்தது சாவியல்ல, ஒரு துண்டுக் காகிதம். அதில் எங்கள் இரண்டு வீடுகளையும் அளவு பிசகாமல் வரைந்து, மூலையில் வடக்கு நோக்கி ஓர் அம்புக்குறி போட்டு, 'முருங்கையிலிருந்து கிழக்கே ஏழு தப்படி, தலையை நிமிர்த்து' என்று எழுதியிருந்தது.

"இன்னாங்க இது?"

"சாவிதாம்மா. பசங்க அழுவுறாங்கல்ல, அவங்ககிட்ட குடுங்க. ஜல்தியா எடுத்துடுவாங்க."

பீரோவின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு நடுவாசலில் நின்றிருந்த என் கணவர் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் இருபது நிமிஷம் தேடி, கொய்யாக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த தேங்காய்ச் சிரட்டையிலிருந்து சாவியை எடுத்தார்கள். அதற்குள் அழுகையை மறந்திருந்தார்கள். என் கணவர் மட்டும் அன்று ராத்திரி வரை அதை மறக்கவில்லை.

தெருவில் எல்லோரும் அவரை சர்வேயர் என்றே கூப்பிட்டார்கள். நிலம் அளக்கும் வேலை. அவர் பெயரை நான் ஒரு தடவைதான் கேட்டேன், கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த யாரோ விசாரித்தபோது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்தார். அவர் எனக்கு அக்கா. அவர்களுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கவிநிலா, சின்னவள் இனியா. இனியாவும் சரணும் ஒரே வகுப்பு.

சர்வேயரால் யாருக்கும் எதையும் கையில் கொடுக்க முடியாது. அதை ஒளித்து வைக்க வேண்டும். ஒளித்த இடத்துக்கு ஒரு மேப் வரைய வேண்டும். முடிந்தால் இரண்டு வரி பாட்டும் எழுத வேண்டும். பிறந்த நாள் பரிசு, பள்ளிக்கூட பீஸ் ரசீது, பல் தேய்க்கும் புது பிரஷ், எல்லாவற்றுக்கும் அதே கதிதான். கேட்டால், "கையில குடுத்தா இன்னாம்மா இருக்குது? வாங்கி வெச்சிட்டு மறந்துடுவாங்க. தேடிக்கினு போய் எடுத்தா அது அவங்க பொருளு" என்பார்.

ஒரு தடவை அக்கா அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். வந்தவர் மேப்பை நீட்டினார். அக்கா அதை வாங்கி, படிக்காமல் அடுப்பில் போட்டுவிட்டு, கத்திரிக்காய் இல்லாமலே கத்திரிக்காய்க் குழம்பு வைத்தார். சர்வேயர் அதையும் சாப்பிட்டாராம். மூன்றாம் நாள் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்து வாடை வந்தபோதும் அவராகச் சொல்லவில்லை.

"இந்த மனுசனோட பேஜாருப்பா" என்று அக்கா என்னிடம் சொல்வார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பசை காய்ச்சிக் கொடுப்பது அவர்தான்.

சனிக்கிழமைதான் பெட்டி செய்யும் நாள். அவர்கள் கூடத்தில் பாய் விரித்து, தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருவார்கள். நடுவில் மைதாப் பசைச் சட்டி. அப்பளம் வந்த டப்பா, செருப்பு வந்த அட்டைப்பெட்டி, பெயின்ட் டப்பா, எது கிடைத்தாலும் அதன்மேல் பழைய செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒட்டி, காயவைத்து, வண்ணம் அடித்துப் புதையல் பெட்டி ஆக்குவார்கள். ஊதின பலூன்மேல் ஒட்டி முகமூடியும் செய்வார்கள். சர்வேயர் நடுவில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் கீற்று வெட்டிக்கொண்டிருப்பார். யாருடைய பெட்டியையும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார். "இது நெலத்துக்குள்ள நூறு வருஷம் கெடக்கும்" என்பார். அதைக் கேட்பதற்காகவே மீனு வாரம் ஒரு பெட்டி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேட்டை. பெட்டிக்குள் கடலை மிட்டாய், கோலிக்குண்டு, வளையல், ரப்பர் என்று ஏதாவது இருக்கும். ஏரிக்கரையிலோ மயிலம் ரோட்டோரக் கழனிகளிலோ விடிவதற்கு முன்பே போய் ஒளித்துவிட்டு வந்திருப்பார். கண்டிப்பான விதி ஒன்று உண்டு. ஆட்டம் தொடங்கிவிட்டால் அவர் வாயிலிருந்து ஒரு குறிப்பும் வராது. பிள்ளைகள் புதையல்மேலேயே ஏறி நின்றாலும் வராது.

அந்த விதி அவரை ஒருமுறை நன்றாக மாட்டிவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் பருவம். வரப்போரத்தில் ஒற்றைப் பனை நின்ற கழனி. பெட்டி பனைமரத்தடியில் இருந்தது. பிள்ளைகள் தப்படி எண்ணிக்கையில் பிசகி, கழனி ஓரத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு வந்த நானும் சர்வேயரும் வரப்பில் நின்றோம். தலையில் துண்டு கட்டிக்கொண்டு கழனிக்காரர் வந்தார்.

"இன்னா பண்றாங்க பசங்க?"

சர்வேயர் முழுவதையும் விளக்கினார். கழனிக்காரர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டுக்கொண்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பொட்டியா? நேத்து யாரோ அந்த வரிசையில ஒரு பொட்டி பொதைச்சா மாதிரி இருந்துச்சே. செடியப் பிடுங்கிப் பாருங்க. பிடுங்கினதை மண்ணு உதறி ஓரமா வைங்க" என்றார்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒரு வரிசை முடிந்தது. "இங்க இல்லியா? அப்ப அடுத்ததுல இருக்கும்" என்றார் கழனிக்காரர். சர்வேயர் பனைமரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், எச்சில் விழுங்குவார். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லிடுங்களேன் அண்ணா, பசங்க வேர்த்து வடியறாங்க" என்றேன்.

"எப்டிம்மா? ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சே."

வெயில் உச்சிக்கு வருவதற்குள் நான்கு வரிசை காலி. கழனிக்காரர் ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார். "அந்தாண்ட இன்னொரு கழனி இருக்குது. அடுத்த வாரமும் இட்டுக்கினு வாங்க" என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். போகிற வழியில் சரண்தான் தற்செயலாகப் பனைமரத்தில் சாய்ந்து, காலில் ஏதோ இடிக்கிறதே என்று குனிந்தான்.

இந்தக் கூட்டத்தில் ஒரு காலத்தில் முதல் ஆள் கவிநிலாதானாம். நாங்கள் வந்தபோது அவள் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்தாள். அவள் வரும் வேட்டை பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், அப்பா மனசில் இருப்பதை அப்படியே படித்துவிடுவாள் என்று அக்கா சொல்வார். நாங்கள் பார்த்த கவிநிலா அறைக்குள் இருப்பாள், இல்லாவிட்டால் போனுக்குள் இருப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது சர்வேயர் அவள் அறை வாசலில் நின்று, "கவி, வர்றியா?" என்பார். "படிக்கணும்பா" என்று பதில் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. படிக்கணும் என்று சொல்ல முடியாது. "வெயிலுப்பா" என்றாள். சர்வேயர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார். அவளுக்கும் சேர்த்துக் கட்டிய புளிசாதத்தை அன்று சரண் சாப்பிட்டான்.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். விழுப்புரத்தில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து திரும்பி வரும்போதே பக்கத்து வீட்டில் அக்காவின் குரல் உயர்ந்திருந்தது. போய்ப் பார்த்தேன். கவிநிலாவின் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விழுப்புரத்தில் கவுன்சிலிங். சான்றிதழ் எல்லாம் ஒரிஜினல் கொண்டுவர வேண்டும். அக்கா பீரோவைத் திறந்தால், பைல் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை.

சர்வேயர் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். "பத்திரமா இருக்குது" என்றார்.

"எங்க?" என்றார் அக்கா.

"ஒரு பொட்டியில."

"பொட்டி எங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கு ஞாபகம் இல்லை என்பது எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. மூன்று வாரத்தில் மூன்று இடம் மாற்றியிருக்கிறார். முதல் இடத்தில் எறும்பு. இரண்டாவதில் மழைத் தண்ணீர். மூன்றாவது எங்கே என்று தெரியவில்லை. எதையும் மனசில் வைக்காமல் காகிதத்தில் வைப்பதுதான் அவர் பழக்கம்.

"அதான் மேப் இருக்குதே" என்றார். மேப்பைப் பழைய பேப்பர் கட்டுக்குள் ஒளித்து வைத்தாராம்.

எல்லோரும் மூலையைப் பார்த்தோம். பேப்பர் கட்டு இருந்த இடத்தில் தரை இருந்தது. போன சனிக்கிழமை ஒட்டிய அத்தனையும் அந்தக் கட்டிலிருந்துதான் கிழிக்கப்பட்டது. அந்த வாரம் பெட்டி எதுவும் செய்யவில்லை. ஒரே ஒரு பெரிய முகமூடி செய்தார்கள். அந்தக் கரடி முகமூடியை மாட்டிக்கொண்டு என் மகள் மீனு இப்போது வாசற்படியில் நின்றிருந்தாள்.

கவிநிலா அப்பாவைப் பார்த்தாள். "ஏன்பா? இதைப் போய் ஏன் ஒளிச்ச?"

சர்வேயர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "வேற எது வெச்சாலும் நீ தேட வர மாட்டேன்ற" என்றார்.

பிறகு கவிநிலா எழுந்து வாசற்படிக்குப் போய், கரடிக்கு எதிரே மண்டியிட்டாள்.

"மீனு, அதைக் குடும்மா. தண்ணியில ஊற வெக்கணும்."

"முடியாது" என்றது கரடி.

"அக்கா உனக்குப் புதுசு பண்ணித் தர்றேன். யானை?"

கரடி யோசித்தது. "தும்பிக்கை ஆடணும்."

"ஆடும்."

"காது?"

"காதும் ஆடும்."

முகமூடி கழன்று வந்தது. வாளித் தண்ணீரில் அமுக்கினோம். வண்ணம் கரைந்து தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. ஒவ்வொரு கீற்றாக உரித்து அக்காவின் தையல் மேசைமேல் பரப்பினோம். தங்கம் விலை வந்தது. ஒரு நடிகையின் பாதி முகம் வந்தது. யாருக்கோ கண்ணீர் அஞ்சலி வந்தது. சர்வேயரின் கையெழுத்து வருவதாக இல்லை. பொறுக்க முடியாமல் அவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடியைத் தோண்டப் போய்விட்டார்.

அப்போதுதான் விழுப்புரத்தில் வேலை முடிந்து ரயிலில் என் கணவர் வந்தார். குழியைப் பார்த்துவிட்டு, "இன்னா, பைப்பு உடைஞ்சிடுச்சா?" என்றார். நான் சொன்னேன். அவர் சர்வேயரை, குடிவந்த அன்று பார்த்த அதே பார்வை பார்த்தார். உள்ளே போனார். லுங்கி மாற்றிக்கொண்டு, எங்கள் வீட்டு மண்வெட்டியோடு வந்து குழியில் இறங்கினார்.

"ஒண்ணு கெடைச்சிடுச்சி" என்று இனியா கத்தினாள். பென்சிலில் எழுதிய ஒரு கீற்று. பாதி கிழிந்திருந்தது. '...டாத இடம்' என்று இருந்தது.

பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓடாத இடம். ஆடாத இடம். மூடாத இடம். மூடாத இடம் என்றால் கிணறு என்றான் சரண். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கவிநிலா அந்தக் கீற்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குழியருகே வந்து நின்றாள். "தேடாத இடம்" என்றாள் மெதுவாக. "நான் தேடாத இடம்."

குழியிலிருந்து சர்வேயர் நிமிர்ந்தார். அவர் முகம் பளிச்சென்று மாறியது. "ஆமா. அதான் எழுதினேன். ஞாபகம் வந்துடுச்சி" என்றார்.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

சர்வேயர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "அவளே கிட்ட வந்துட்டா. இன்னும் கொஞ்சம்தான்" என்றார்.

நான் அந்த வீட்டில் பார்த்த இரண்டு வருஷத்தில் அக்காவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது அப்போதுதான். விறுவிறுவென்று போய் அவர் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். "பொண்ணு படிப்பு போவப் போவுது, உனக்கு ஆட்டமா? சொல்றியா இல்லியா?" என்றார். வாங்க, போங்க எல்லாம் போய்விட்டது. என் கணவர் குழியிலிருந்து ஏறித் தள்ளி நின்றுகொண்டார்.

"அம்மா, இரு" என்றாள் கவிநிலா. அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் எந்த எடத்துல தேட மாட்டேன்? நான் இருக்கற எடத்துல தேட மாட்டேன். ரூமுல இல்ல, அம்மா பெருக்கும்போது பார்த்துடும். வேற எங்க நான் இருக்கறேன்..."

அவள் ஓடினாள். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே மாடிப்படி ஏறினோம். மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில், ஒரு பழைய பெயின்ட் டிரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. தினமும் சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்துதான் அவள் சிநேகிதிகளோடு பேசுவாள். ஒரு வாரமாக அவள் தன் சான்றிதழ்மேலேயே உட்கார்ந்து, சான்றிதழ் சரிபார்க்கும் நாள் எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டிரம்மை நிமிர்த்தினாள். அடியில் நீல வண்ணம் அடித்த அப்பள டப்பா. உள்ளே பிளாஸ்டிக் கவரில் மார்க் லிஸ்ட், டிசி, சாதிச் சான்றிதழ், எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. கூடவே ஒரு புதுப் பேனாவும் மடித்த காகிதமும். கவிநிலா காகிதத்தைப் பிரித்துப் படித்தாள். நாங்கள் பார்ப்பதற்குள் மடித்துவிட்டாள்.

"பாட்டு சுமாராத்தான் வந்துச்சி" என்றார் சர்வேயர், மூச்சு வாங்கியபடி.

"சுமாரா? கேவலமா இருக்குது" என்றாள் அவள். ஆனால் அந்தக் காகிதத்தை எறியவில்லை. போனின் பின்கவரைக் கழற்றி, உள்ளே வைத்து மூடினாள்.

அக்கா டப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தாராம். மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் விழுப்புரம் போனார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வரை சர்வேயர் கையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதையும் அக்கா கொடுக்கவில்லை. கவிநிலாவுக்குக் கணிதம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெருப் பிள்ளைகள் வழக்கம்போல் கூடினார்கள். சர்வேயர் வெளியே வரவில்லை. இனி எதையும் ஒளிக்க மாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து வெறும் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்போது கவிநிலா வெளியிலிருந்து வந்தாள். செருப்பெல்லாம் ஈரச் சேறு. அப்பாவிடம் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"நான் ஒளிச்சிருக்கேன். நீ தேடு."

சத்தியம் ஒளிப்பதற்குத்தானே, தேடுவதற்கு இல்லையே என்று அக்காவும் விட்டுவிட்டார். ஏரிக்கரைக்கு எல்லோரும் போனோம், என் கணவர் உட்பட. அன்றைக்குத்தான் எங்களுக்கு ஒன்று தெரிந்தது. சர்வேயருக்குத் தேடவே வராது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் தேடியதில்லை. கிழக்கே போ என்றால் நேராகப் போய்ச் சேற்றில் இறங்கினார். மரத்தைச் சுற்று என்றால் எந்த மரம் என்று கேட்டார். மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "ஸ்கேலே போடல பாரும்மா இவ" என்று என்னிடம் குறைப்பட்டார்.

"உங்க வேலையே இதானே அண்ணா" என்றேன்.

"வேலையில நான் புக்கைப் பார்த்து அளவு சொல்வேன். எல்லைக் கல்லைத் தேடி எடுக்கறது கூட வர்ற ஆளுங்க" என்றார்.

பிள்ளைகள் அவர் பின்னாலேயே அலைந்து சிரித்து ஓய்ந்தார்கள். கவிநிலா ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுக்கவில்லை. பெட்டி கரையில் நின்ற என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. காலையிலேயே என்னிடம் சாவி வாங்கி, வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அவள்தான். வண்டியைச் சுற்றி அவர் நான்கு முறை நடந்துவிட்டார்.

மத்தியானம் ஆகிவிட்டது. சட்டையெல்லாம் வேர்வை, முழங்கால் வரை சேறு. என் பக்கத்தில் வந்து நின்று, மகள் காதில் விழாதபடி, "தங்கச்சி, உங்களுக்குத் தெரியும்ல?" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"தெரியும் அண்ணா. சொல்லட்டுமா?"

நான் வாயெடுப்பதற்குள் அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, சொல்லிடாதீங்கம்மா" என்றார். பொத்திய கையை எடுக்காமலே திரும்பி, தப்படியை ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு, ஏரியை நோக்கி மறுபடியும் நடந்தார்.